இடது கதவின் நிறம்

பத்ருலுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட அவனுடைய வலது முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். குவளைத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும்பும். "அபாங், நிலநடுக்கம்," என்பாள் மனைவி மஸ்னா. உடனே நிறுத்திக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் இடது கால் ஆரம்பித்துவிடும்.

மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் இரும்புத் தொட்டி கட்டி, மலேசியாவின் தைப்பிங் ஊர் முழுக்க வீடு வீடாகச் சமையல் எரிவாயு சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்று வயதுக்குள் அது எட்டாவது வேலை. முந்தைய ஏழும் மனத்தாங்கலில் முடிந்தவை. பழ மண்டியில் மாம்பழம் தரம் பிரிக்கப் போனவன், காயையும் கனியையும் ஒரே கூடையில் போடுகிறான் என்று மூன்றாம் மாதமே வெளியே வந்தான். மின்சாரக் குத்தகைக்காரர் ஒருவரிடம் வயர் இழுத்தான். இரண்டு வயரை மாற்றிச் செருகியதில் புதுக் கடை ஒன்றின் மேல்மாடி மொத்தமும் இருண்டுபோனது. கவனமில்லாதவன் என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைப் பொய்யாக்கவே வீட்டில் எல்லா வேலையையும் தன் கையாலேயே செய்தான். குழாய், கூரை, துணி துவைக்கும் இயந்திரம் எதற்கும் வெளியாள் வந்ததில்லை.

அந்த எட்டுக்கும் முன்னால், கிடைக்காமல் போன வேலை ஒன்று உண்டு. இருபது வயதில் அவனும் சித்தப்பா மகன் ருஸ்லியும் சேர்ந்து ரயில் ஓட்டுநர் பயிற்சிக்கு மனுப் போட்டார்கள். எழுத்துத் தேர்வில் பத்ருலுக்குத்தான் கூடுதல் மதிப்பெண். மருத்துவப் பரிசோதனையில் அவனை நிறுத்தினார்கள். கண் தேறவில்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி வரிப் பொடி எழுத்தைத் தடங்கலில்லாமல் படித்தவன் அவன். அவனுக்கா கண் சரியில்லை? ருஸ்லியின் அப்பா அந்த அலுவலகக் குமாஸ்தா ஒருவரோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்ததைப் பத்ருல் பார்த்திருக்கிறான். கணக்கு அவன் மனத்தில் முடிந்துபோயிற்று. ருஸ்லி ரயில் ஓட்டப் போனான். அதன்பிறகு பெருநாளுக்குப் பெருநாள் ருஸ்லியின் கையைத் தொட்டு நெஞ்சில் வைப்பதோடு சரி. இருபத்து மூன்று வருஷமாக வேறு பேச்சில்லை.

மாமனார் ஹம்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரே அவரை 'சிக்கு' என்று, அதாவது வாத்தியார் என்று, அழைத்தது. அந்த வருஷம் அவரும் மாமியாரும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். சிக்குவிடம் பத்தொன்பது வருஷப் பழைய ஜப்பான் கார் ஒன்று இருந்தது. அதன் நிறத்துக்குச் சரியான பெயர் சொல்வது கடினம். வெள்ளியில் ஒரு சொட்டுப் பச்சை. தேங்காய்ப் பாலில் பாண்டான் இலைச் சாற்றைத் தவறவிட்டதுபோல என்று பக்கத்து வீட்டுக் காக் சோம், அதாவது சோம் அக்கா, சொல்வாள். சிக்கு அந்தக் காரை மருமகன் வீட்டு முன்கூரையின் கீழ் நிறுத்திச் சாவியைக் கொடுத்தார்.

"ரெண்டு நாளைக்கு ஒருதடவ இன்ஜின ஓட விடு. பத்து நிமிஷம் போதும். ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகாத."

"சரி அபா."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா? கால ஆட்டிட்டே சரிங்கற."

பத்து நாள் அவனால் பொறுக்க முடிந்தது. நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும் வண்டியில் கைகட்டி உட்கார்ந்திருப்பது அவனைப் போன்றவனுக்குத் தண்டனை. பதினோராம் நாள் ஏரிப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். திரும்பும்போது, ஊரில் தினமும் வரும் மூன்று மணி மழை பிடித்துக்கொண்டது. பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அவசரமாகப் பின்னுக்கு எடுத்தபோது வாசல் தூண் இடது முன்கதவைப் பிடித்து இழுத்தது. ஒரு முழ நீளத்துக்குக் கீறல். நடுவே உள்ளங்கையளவு ஒடுக்கு.

மஸ்னா தையல் இயந்திரத்தை விட்டு ஓடிவந்தாள். மழையில் நின்றபடி கதவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"அபா வர எத்தன நாள் இருக்கு?"

"முப்பத்தி ரெண்டு."

"பட்டறைல விட்டுருங்க."

"தைப்பிங்ல எந்தப் பட்டறைக்காரன் அபாகிட்ட படிக்காதவன்? காலைல கொண்டுபோய் விட்டா சாயங்காலம் மக்காவுக்குப் போன் போயிரும். நானே பண்ணிர்றேன்."

"கார் பெயின்ட்டா? நீங்களா?"

"கூரைக்கு அடிக்கல நான்? கேட்டுக்கு அடிக்கல?"

மஸ்னா உள்ளே போனாள். கூரையின் நிறத்தைப் பற்றியும் அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. அதை அவள் ஒருபோதும் சொன்னதில்லை.

கை வேலை பிரமாதமாகத்தான் நடந்தது. கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றி, மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, ஒடுக்கை உள்ளிருந்து தட்டி எடுத்தான். குழி இருந்த இடத்தில் பட்டி வைத்து, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் தாள்வரை தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எங்கே அடிபட்டது என்று சொல்ல முடியாது. சாம்பல் நிறப் பிரைமர் அடித்து, காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். காற்றழுத்தி இயந்திரத்தை நண்பன் ஒருவன் இரவல் கொடுத்தான். ஒரு வாரம் விடுப்பெடுத்தான். காலை ஏழு மணிக்குத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமுக்குவான். கண்ணாடிகளுக்கும் சக்கரத்துக்கும் பழைய செய்தித்தாள் ஒட்டுவான். மதியம் மேகம் கூடுவதற்குள் அன்றைய வேலை முடியவேண்டும். மழைக் காற்றில் அடித்தால் பூச்சு பால் திரிந்ததுபோல வெளுத்துவிடும். அந்த ஊரில் மழையில்லாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நிறத்தைக் கலந்து கொடுத்தவர் சந்தைக்குப் பின்னால் பெயின்ட் கடை வைத்திருந்த அங்கிள் சியூ. இன்ஜின் மூடிக்கடியில் தகட்டில் இருந்த எண்ணைப் பத்ருல் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தான்.

"எண்ணு சொல்ற நிறம் வண்டி புதுசா இருந்தப்ப இருந்த நிறம்," என்றார் சியூ. "பத்தொம்பது வருஷம் வெயில்ல காஞ்சது அதே நிறத்துலயா இருக்கும்? முதல்ல அட்டைல அடிச்சு, காய விட்டு, கதவுல வச்சுப் பாரு. டப்பாவுல பாத்து முடிவு பண்ணாத."

அவன் அட்டையில் அடித்தான். காய்ந்ததும் பக்கத்துக் கதவில் வைத்துப் பார்த்தான். புதிது கொஞ்சம் பளிச்சென்றிருந்தது. அந்தப் பளிச்சை மட்டுப்படுத்த எதைச் சேர்ப்பது என்று கேட்டான். காவிச் சிவப்பு ஒரு சின்னப் புட்டி எடுத்துக் கொடுத்து, "ரெண்டே சொட்டு," என்று இரண்டு விரலைக் காட்டினார் சியூ.

இரண்டு சொட்டு விட்டான். பத்ருலின் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான்கு விட்டான். பிறகு எண்ணுவதை நிறுத்தி மூடியால் ஊற்றினான். மூன்றாவது மூடியில், அவன் பார்த்தவரை, அட்டையும் கதவும் ஒன்றாகிவிட்டன. கதவு முழுவதும் அடித்து முடித்துவிட்டு நான்கடி தள்ளி நின்று பார்த்தான். இரட்டைப் பிள்ளைபோல இருந்தது. அன்றுதான் அவனுடைய கால் கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றது.

வேலிக்கு அப்பால் துணி காயப்போட வந்த காக் சோம்தான் முதலில் பார்த்தாள்.

"பத்ருல், கதவுக்கு என்ன வந்துச்சு?"

"ஏன் காக்?"

"வண்டி பாண்டான் குடிச்சிருக்கு, கதவு மட்டும் பாண்டுங் குடிச்சிருக்கே!" பாண்டுங் என்றால் ரோஜாச் சர்பத் ஊற்றிய பால். காக் சோம் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, ஈரச் சட்டையால் வாயை மூடிக்கொண்டாள். "யாராவது பொண்ணு பாக்க வந்தாங்களா? இப்படி வெக்கப்படுது!"

பத்ருல் பதிலுக்குச் சிரித்தான். அவளுக்கு எப்போதும் கேலிதான். ஆனால் மாலையில் மசூதிக்குப் போகும் வழியில் எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார். "பரவால்ல, பரவால்ல. கைப்பக்குவம் நல்லாருக்கு," என்றார். அவர் கண் சொன்னது வேறு. அடுத்த தெரு ஆள் ஒருவன் பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டு, "பிரைமரா இது?" என்று கேட்டான்.

பத்ருலுக்குத் தூக்கம் போயிற்று. தெருவே சேர்ந்துகொண்டு தன்னை ஆட்டிவைக்கிறது என்று தோன்றியது. மறுநாள் மறுபடி தேய்த்தான், மறுபடி கலந்தான், மறுபடி அடித்தான். இந்த முறை காவி இன்னும் கூடியது. மேல்பூச்சு அடித்து அரை மணியில் மழை வந்து மொத்தமும் வெளுத்துவிட்டது. மூன்றாம் முறையும் அடித்தான். காக் சோம் இப்போது கேலி செய்யவில்லை. வேலிப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

அன்று மாலை மக்காவிலிருந்து அழைப்பு வந்தது.

"வண்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அபா. அப்படியே இருக்கு." முழங்கால் ஆட்டத்தில் நாற்காலியே நகர்ந்தது.

"உன்னோட குரல் ஏன் நடுங்குது?"

"மழை அபா. லைன் சரியில்ல."

இன்னொரு புட்டி காவி வாங்கப் போனபோது சியூ கொடுக்க மறுத்துவிட்டார். அவன் கொண்டுபோயிருந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு சொட்டுன்னு சொன்னேன். நீ நூடுல்ஸ்ல சோயா ஊத்தற மாதிரி ஊத்தியிருக்க. இது என் பேத்தியோட பொம்மைக்குத்தான் ஆகும்."

"அங்கிள், நல்லா பாருங்க. வண்டியோட பொருந்துது."

சியூ மூக்குக் கண்ணாடியை இறக்கி அவன் முகத்தைப் பார்த்தார். "வீட்டுல உன் பெண்டாட்டி துணி தைக்கிறா இல்ல? அவகிட்ட காட்டு. அவளுக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

அவன் காட்டவில்லை. வீட்டுக் கதவைத் திறந்து அட்டையை மேசைமேல் எறிந்தான். மஸ்னா காக் சோமுக்கு இளம்பச்சைத் துணியில் பாஜு குரோங் என்ற நீள அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். அட்டையை எடுத்தாள், கீழே வைத்தாள். பிறகு நூல் டப்பாவிலிருந்து இரண்டு உருண்டைகளை எடுத்து அவன்முன் வைத்தாள்.

"அபாங், இந்தத் துணிக்கு இதுல எந்த நூல் போடறது?"

"என்னைக் கேக்கற? ரெண்டும் ஒண்ணுதானே. எதையாவது போடு."

இயந்திரத்தின் மிதிமேல் இருந்த அவள் கால் நின்றது.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஏன், இல்லையா?"

அவள் எழுந்து டப்பாவைக் கவிழ்த்தாள். தேடித் தேடி இன்னும் இரண்டு எடுத்தாள். "இது ரெண்டும்?" "ஒண்ணுதான்." இன்னும் இரண்டு. "இது கொஞ்சம் கறுப்பு, அது கொஞ்சம் வெளுப்பு. மத்தபடி ஒண்ணு." மஸ்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல வச்சது, ஒண்ணு பச்சை, ஒண்ணு ரோஸ். ரெண்டாவது வச்சது, ஒண்ணு புல்லு நிறம், ஒண்ணு மரக்கட்டை நிறம்."

அவன் கையை உதறினான். "நீயும் ஆரம்பிச்சிட்டியா? காக் சோம் சொல்லிக் குடுத்தாளா?"

"சத்தியமா அபாங், நான் விளையாடல." அவள் முகத்தில் சிரிப்பில்லை. "கல்யாணமான புதுசுல பச்சைன்னு சொல்லி எனக்கு ஒரு துணி வாங்கிட்டு வந்தீங்களே. அது மண்ணு நிறம். உங்க மனசு நோகக்கூடாதுன்னு பச்சைன்னே சொல்லி உடுத்தினேன். பெருநாளுக்கு உங்க சட்டைய நான்தான் எடுத்து வைக்கிறேன். நீங்களா எடுத்தா மேல ஒண்ணு கீழ ஒண்ணா வரும். கவனமில்லன்னு நெனச்சேன். ஊரும் அப்படித்தானே சொல்லுது. இப்படி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

பத்ருல் உட்காரவில்லை. வீடு முழுவதும் நடந்தான். வாளியைத் தூக்கிவந்து, இது என்ன நிறம் என்று கேட்டான். பாயைக் காட்டிக் கேட்டான். வாசலுக்குப் போய்ச் செம்பருத்திச் செடியின்முன் நின்றான். பூக்கள் எங்கே இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியும். அவற்றின் உருவம் தெரியும். பத்தடி தள்ளி நின்றால் இலைக்குள் பூ காணாமல் போய்விடும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தான்.

"இங்கிருந்து உனக்குப் பூ தெரியுதா?"

"தெரியுதே. எட்டுப் பூ."

"எட்டா?" என்றான். அவனுக்கு மூன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை கடைத்தெருவில் கண்ணாடிக் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றான். அங்கிருந்த பெண் ஒரு புத்தகத்தைத் திறந்தாள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். "உள்ளே என்ன எண் தெரியுது அண்ணே?" என்று கேட்டாள்.

பத்ருல் குனிந்து பார்த்தான். அந்தப் புத்தகத்தை அவன் முன்பே பார்த்திருக்கிறான். இருபது வயதில், ரயில்வே டாக்டரின் மேசையில். எண் எதுவுமில்லை, வெறும் புள்ளி என்று அன்று அடித்துச் சொன்னான். அச்சு மங்கிய பழைய புத்தகத்தைக் காட்டி மடக்கப் பார்க்கிறார்கள் என்று அப்போதே அவனுக்குச் சந்தேகம். இப்போதும் வெறும் புள்ளிதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மஸ்னா மெதுவாக, "நாப்பத்தஞ்சு," என்றாள்.

"பிறவியிலேயே இப்படித்தான்," என்றாள் கடைப்பெண். "சிவப்பும் பச்சையும் உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணாத் தெரியும். நோய் இல்ல, மருந்தும் இல்ல. சிக்னல்ல எப்படிப் போறீங்க?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். வேற எப்படிப் போவாங்க?"

அவள் சிரித்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டாள்.

மஸ்னாவை வீட்டில் இறக்கிவிட்டு அவன் உள்ளே வரவில்லை. பைக்கைத் திருப்பினான். எங்கே என்று அவள் கேட்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டான். ஊரை இரண்டு சுற்று வந்தான். சிக்னலில் நின்றபோது விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் இருந்தவர்கள் ஒலியெழுப்பினார்கள். மூன்றாம் சுற்றில் ருஸ்லி வீட்டு வாசலில் பைக் தானாக நின்றதுபோல நின்றது.

ருஸ்லி அன்று விடுப்பு. கைலியோடு பறவைக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது.

"யாரு செத்துட்டாங்க?" என்றான் பயந்துபோய். பத்ருல் அந்த வீட்டு வாசலைப் பெருநாளில்லாத நாளில் மிதித்ததே இல்லை.

"யாரும் சாகல. ஒண்ணு கேக்கணும். ரயில்ல பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு... மேலயா கீழயா?"

"எந்த எடத்துல? ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு மாதிரி. சில எடத்துல கொடிதான் காட்டுவாங்க. ஏன்?"

பத்ருல் தரையில் உட்கார்ந்தான். சொன்னான். கதவு, காவி, நூல், புள்ளிப் புத்தகம் எல்லாம் சொன்னான். உன் அப்பா குமாஸ்தாவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்தேன், அதைத்தான் இத்தனை வருஷம் சுமந்தேன் என்றும் சொன்னான்.

ருஸ்லியின் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அதுக்கா என்கிட்ட பேசல? என் கல்யாணத்துல உனக்கு நெய்ச்சோறு பத்தாமப் போச்சு, அதான் கோவம்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. உன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் ஒரு சட்டி நெய்ச்சோறு சேத்து அனுப்புனாங்களே, எதுக்குன்னு நெனச்ச?"

பத்ருலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். ருஸ்லி குழாயை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நல்லவேளை உனக்கு வேலை குடுக்கல. நீ ஓட்டற ரயில்ல நான் பயணியா வந்திருப்பேன்."

சிக்கு திரும்பி வர ஒன்பது நாள் இருந்தது. அன்றிலிருந்து நிறம் மஸ்னாவின் பொறுப்பு. முதல் வேலையாக அவள் பின்கதவை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள்; மெருகுப் பசை தேய்க்கச் சொன்னாள்.

"அது நல்லாத்தானே இருக்கு?"

"அழுக்கோட நிறத்துக்கா பொருத்தப் போறீங்க? துணிய அலசிட்டுத்தான் நூல் பாக்கணும்."

சியூவிடம் புதிதாகக் கலந்து வாங்கினார்கள். மருந்தூசிக் குழாயில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பச்சைக்கு எதிராகக் காவி ஒரு சொட்டு, வெள்ளிப் பொடி இவ்வளவு, கறுப்பு அரைச் சொட்டு. ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் அளவைப் பென்சிலால் எழுதினாள். பத்ருல் அடிப்பான், அவள் பார்ப்பாள். நிழலில் பார்ப்பாள், வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள், குனிந்து பக்கவாட்டில் பார்ப்பாள். நேரே பார்த்தால் பொருந்தும் அட்டை சாய்த்துப் பார்த்தால் கறுத்தது. "இல்ல," என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"இதுவா?"

"இல்ல. நடக்காதீங்க, உங்க நிழல் விழுது."

ஒன்பதாவது அட்டையை அவள் பின்கதவில் ஒட்டவைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். வேலிப் பக்கம் திரும்பி, "காக்!" என்று கூப்பிட்டாள். காக் சோம் வந்தாள்.

"அட்டை எங்கடி?" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அடித்தான். நிறத்தைக் கதவின் ஓரத்தோடு நிறுத்தக்கூடாது என்று சியூ சொல்லியனுப்பியிருந்தார். முன்கதவில் முழுதாகவும் பின்கதவில் போகப் போக மெலிந்து கரைகிற மாதிரியும் அடித்து, இரண்டுக்கும் மேல்பூச்சுக் கொடுத்தான். அவன் கண்ணுக்கு அது முன்பு அடித்ததைப் போலவேதான் இருந்தது. அந்தக் காலையில் அவன் தன் கையை மட்டும் நம்பினான். மீதியை அவளிடம் விட்டிருந்தான். பதினொரு மணிக்கு மலைமேல் மேகம் இறங்கியது. முன்கூரைக்கும் தெருவுக்குமாக அவன் நடந்த நடையில் செருப்பு வார் அறுந்தது. மழை அன்று நாலரை மணிக்குத்தான் வந்தது. பூச்சு அதற்குள் இறுகிவிட்டது.

பினாங்கு விமான நிலையத்துக்கு அந்தக் காரிலேயே போனார்கள். வெள்ளைத் தொப்பியும் மெலிந்த கன்னமுமாகச் சிக்கு வந்தார். மாமியார் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிக்கு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பார்த்தார், தலையசைத்தார், ஏற முன்கதவைத் திறந்தார். மஸ்னா கணவனைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். பத்ருலால் முடியவில்லை.

"அபா, நீங்க பிடிச்சிருக்கற கதவ நான் இடிச்சுட்டேன். நான்தான் பெயின்ட் அடிச்சேன். நிறம் மஸ் பாத்தது. எனக்கு நிறம் தெரியாது. பொறந்ததுலருந்தே தெரியாதாம்."

மூச்சுவிடாமல் மொத்தக் கதையையும் சொல்லி முடித்தான். சிக்கு கதவை மூடினார். குனிந்து பார்த்தார், தடவினார், பின்கதவையும் தடவினார். திட்டு வருமென்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"தெரியாதுன்னா? இலையும் பூவும்கூடவா?" என்றார்.

"ஆமா அபா."

அவர் ஏறிக்கொண்டார். பாலத்தைத் தாண்டினார்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் அவர் சாலையோர மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். தைப்பிங் பலகை தெரிந்ததும் சிக்கு சொன்னார்: "கமுந்திங்குக்கு விடு."

"அங்க எதுக்கு? வீட்டுல எல்லாரும் காத்திட்டிருக்காங்க," என்றாள் மாமியார்.

"ஜம்ரின்னு ஒரு பையன். இப்ப அங்க டயர்க் கடை வச்சிருக்கான். மூணாம் வகுப்புல மரம் வரையச் சொன்னேன். இலைக்கெல்லாம் காப்பி நிறம் அடிச்சிட்டு வந்தான். திமிருன்னு நெனச்சுப் பிரம்பால அடிச்சேன். ரெண்டு நாள் தொடர்ந்து அடிச்சேன். அப்பவும் காப்பி நிறம்தான் அடிச்சான்."

கடையில் ஐம்பதை நெருங்கும் பருத்த ஆள் ஒருவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஹாஜியாக வந்து நிற்கும் பழைய தலைமையாசிரியரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, குனிந்து அவர் கையை முத்தமிட்டார். சிக்கு பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டினார். பிறகு, நின்றபடியே, ஒரு தலைமையாசிரியர் மாணவனிடம் கேட்கக் கூச்சப்படுகிற விதமாக, மரத்தைப் பற்றியும் இலையைப் பற்றியும் கேட்டார்.

"உனக்கும் நிறம் தெரியாதா ஜம்ரி? என் மருமகனுக்கு மாதிரி?"

பத்ருல் அதற்குள் கைப்பேசியில் புள்ளிப் படத்தை எடுத்து நீட்டிவிட்டான். ஜம்ரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு. அடுத்தது ஆறு. அதுக்கடுத்து எழுபத்திநாலு." ஒன்றையும் விடவில்லை. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு சிக்கு."

"அப்ப ஏன்டா இலைக்கு அந்த நிறம் அடிச்ச?"

ஜம்ரி டயரைக் காலால் உருட்டினார். வெட்கத்தோடு சிரித்தார்.

"வீட்டுல ஏழு பேருக்கு ஒரே கிரேயான் பெட்டி சிக்கு. என் முறை வரும்போது அந்த ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

சிக்கு அவரையே பார்த்தபடி நின்றார். வெளியே மூன்று மணி மழை தொடங்கிவிட்டிருந்தது. பத்ருல் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

"அத நான் கேட்டிருக்கணும்," என்றார் சிக்கு. "அடிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

"தேநீர் சொல்றேன் சிக்கு," என்று ஜம்ரி உள்ளிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவரப் போனார்.